முயல் ஏன் பொம்மையை விட்டுவிட்டு சோபாவைக் கடிக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

முயல், கினிப்பன்றி, ஹாம்ஸ்டர் மாதிரியான சின்னப் பிராணிகளின் விளையாட்டுப் பொருட்கள் பற்றிக் கேட்கலாம் என்று சென்ற இதழில் ஒரே ஒரு வரிதான் போட்டிருந்தோம். கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன், சிலவற்றைச் சுருக்கியும் இருக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: மேடம், எங்கள் முயலுக்கு ஒன்றரை வயது. மணி கட்டிய பந்து, சிவப்புச் சாயம் பூசிய மரக் கேரட், கயிற்றில் தொங்கும் கலர் கட்டைகள் என்று ஒரு செட்டே வாங்கிப் போட்டோம். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் சோபாவின் அடித்துணி, திரைச்சீலை, சார்ஜர் வயர் எல்லாம் போச்சு. எங்கள் முயலுக்கு விளையாடவே தெரியாதா?

பதில்: நன்றாகவே தெரியும். சோபாவுக்கு அடியில் அது செய்துகொண்டிருப்பதுதான் விளையாட்டு. நீங்கள் வாங்கிப் போட்டது அதற்கு விளையாட்டாகப் படவில்லை, அவ்வளவுதான்.

அந்த செட்டைச் செய்தவர்கள் வாங்குகிறவரின் கண்ணை நினைத்துச் செய்திருக்கிறார்கள். முயலின் கண்ணில் நீலத்துக்கும் பச்சைக்கும்தான் நிறமறியும் செல்கள் உண்டு, சிவப்பு அதற்கு எடுப்பாகத் தெரியாது. மணி கட்டிய பந்து பூனைக்கு ஏற்ற சாமான். ஓடுவதைத் துரத்திப் பிடிக்கிற பிராணிக்குப் பந்து உருள்வதே குஷி. முயல் எதையும் வேட்டையாடுவதில்லை, தன்னை யாரும் துரத்தாமல் இருந்தால் போதும் என்று இருக்கிற ஜாதி. தவிர, மணி மெல்லிய தகடாக இருந்தால் கடித்துப் பிய்த்து விழுங்கிவிடும், முதலில் அதைக் கழற்றுங்கள். சாயம் பூசிய கேரட்டையும் எடுத்துவிடுங்கள்.

எதை வாங்குமுன்னும் ஒன்றை மட்டும் யோசியுங்கள்: இதை வைத்துக்கொண்டு முயல் என்ன செய்யும்? காட்டு முயலின் நாள் எதிலெல்லாம் போகிறது என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும். மணிக்கணக்கில் மேய்கிறது, மண்ணைத் தோண்டுகிறது, வளைக்குள் ஓடி ஒளிகிறது, வேரையும் பட்டையையும் கொறிக்கிறது, வழியில் கிடப்பதைப் பல்லால் கவ்வி ஒதுக்கிப் போடுகிறது, கொஞ்சம் மேடான இடம் கிடைத்தால் ஏறி நின்று சுற்றிலும் நோட்டம் விடுகிறது. இப்போது உங்கள் கடிதத்தையே திரும்பப் படியுங்கள். சோபாவின் அடி இருட்டாக, தோண்ட வாகாக, ஒளிய வசதியாக இருக்கிறது. திரைச்சீலை இழுத்தால் வருகிறது. வயர், போகிற பாதையில் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும் வேர். நீங்கள் போட்ட செட்டில் இந்த வேலைகளில் ஒன்றுக்காவது இடம் இருந்ததா?

ஆகவே தோண்டுவதற்கு ஒரு பெட்டி கொடுங்கள். முயல் உள்ளே நின்று முழுசாகத் திரும்பும் அளவுக்குப் பெரிய அட்டைப்பெட்டி. செல்லோடேப், ஸ்டேப்ளர் பின், ஒட்டியிருக்கும் லேபிள் எல்லாவற்றையும் பிய்த்தெடுத்துவிட்டு, ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டி, உள்ளே கசக்கிய காகிதம், காய்ந்த புல், கிழித்த அட்டை என்று பாதிவரை நிரப்பி, அடியில் நாலைந்து பெல்லட்டை (கடையில் விற்கும் முயல் தீவன உருண்டை) ஒளித்து வையுங்கள். உரம் கலக்காத மண் கிடைத்தால் இன்னும் நல்லது, வீடு கொஞ்சம் அழுக்காகும், பரவாயில்லை. பூனைக் கழிப்பிடத்துக்கு என்று விற்கும், ஈரம் பட்டால் கட்டியாகிற மண்ணை மட்டும் போடவே கூடாது. வயிற்றுக்குள் போனால் அங்கேயும் அதே வேலையைத்தான் செய்யும்.

அடுத்தது அட்டைக் குழாய். டிஷ்யூ சுருள் தீர்ந்ததும் தூக்கிப் போடுகிறோமே, அதேதான். அதில் காய்ந்த புல்லை இறுக்கமாகத் திணித்து, நடுவில் ஒரு கொத்தமல்லித் தண்டைச் செருகி, தரையில் வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து பாருங்கள். முதலில் உடம்பை ரப்பர் மாதிரி முன்னால் நீட்டி மோந்து பார்க்கும், பின்னங்கால்கள் மட்டும் இருந்த இடத்திலேயே ஓடத் தயாராக நிற்கும். அப்புறம் தாடையை அதன்மேல் ஒரு தேய்ப்புத் தேய்க்கும். தாடைக்கு அடியில் வாசனைச் சுரப்பி இருக்கிறது, 'இது என்னுடையது' என்று முத்திரை குத்தியாயிற்று. கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால் பின்னாலிருந்து வருவதைக்கூட அது பார்த்துவிடும், ஆனால் தன் மூக்குக்கு நேர் எதிரே இருப்பது தெரியாது. அதனால் மேலுதட்டாலும் மீசையாலும் துழாவித் துழாவித்தான் தண்டின் நுனியைக் கண்டுபிடிக்கும். பிடித்து இழுக்கும். வராவிட்டால் குழாயோடு தூக்கி வீசும். தண்டு வெளியே வந்ததும், சாப்பிட்டு முடித்த கையோடு குழாயைக் கிழிக்க ஆரம்பிக்கும். காசு செலவில்லாத ஒரு குப்பைப் பொருளில் இத்தனையும் நடக்கிறது.

தட்டில் போட்டால் சாப்பிடாதா, எதற்கு இந்தப் பாடு என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். 1963-ல் கிளென் ஜென்சன் என்ற ஆய்வாளர் எலிகளை வைத்து இதைச் சோதித்தார். பக்கத்திலேயே கிண்ணத்தில் உணவு சும்மா இருந்தும், எலிகள் பெரும்பாலும் நெம்புகோலை அழுத்தி வரவழைக்கும் உணவைத்தான் நாடின. அதற்கப்புறம் பல பிராணிகளில் இதைப் பார்த்துவிட்டார்கள். வீட்டுப் பூனை மட்டும் இதில் விதிவிலக்கு, அதற்குத் தட்டில் வைத்ததே போதும்.

வயரைப் பொறுத்தவரை எந்த விளையாட்டுப் பொருளையும் நம்பாதீர்கள். கெட்டியான குழாய்க்குள் விடுங்கள், இல்லையென்றால் எட்டாத உயரத்தில் ஏற்றுங்கள்.

கேள்வி: முயலின் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், மரக்கட்டை கொறித்தால் தேய்ந்துவிடும் என்று கடையில் சொல்லி ஒரு கட்டையைக் கொடுத்தார்கள். அது போதுமா?

பதில்: பாதிதான் சரி. முயலுக்கு 28 பற்கள், அத்தனையும் ஆயுள் முழுக்க வளர்பவை. முன்பற்கள் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளரும். கட்டையைக் கொறிக்கும்போது வேலை செய்வது முன்னால் உள்ள 6 பற்கள் மட்டும்தான். வாயைத் திறந்தாலும் நம் கண்ணுக்குத் தெரியாத 22 கடைவாய்ப் பற்கள் உள்ளே இருக்கின்றன. அவை தேய வேண்டுமானால் தாடை பக்கவாட்டில் அசைந்து அசைந்து அரைக்க வேண்டும், அந்த அசைவு நீளமான நாருள்ள புல்லை மெல்லும்போதுதான் வரும். பெல்லட்டை இரண்டு கடியில் நொறுக்கி விழுங்கிவிடும். கட்டையோ அங்கே போவதே இல்லை. சரியாகத் தேயாத கடைவாய்ப் பல்லின் ஓரத்தில் கூர்முனை வளர்ந்து நாக்கையும் கன்னத்தையும் குத்த ஆரம்பித்தால், அப்புறம் மருத்துவர் மயக்கம் கொடுத்துத்தான் ராவ வேண்டியிருக்கும்.

அதனால் பல்லுக்கு நல்ல விளையாட்டுப் பொருள் எது என்று கேட்டால், காய்ந்த புல் என்றுதான் சொல்வேன். உணவில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் அதுவே இருக்கட்டும். ஒரே மூலையில் குவிக்காமல் கொஞ்சம் கூடையில், கொஞ்சம் பையில் துளை போட்டுத் தொங்கவிட்டு, கொஞ்சம் அட்டைப்பெட்டியின் ஓட்டைகளில் செருகி என்று நாலு இடத்தில் வையுங்கள், தேடித் தேடித் தின்னும். கட்டையும் கிடக்கட்டும், பொழுதுபோக்குக்கு நல்லது. சாப்பிட ஆசையாக வந்துவிட்டுத் திரும்பிப் போவது, வாயிலிருந்து பாதி மென்றதைக் கீழே போடுவது, தாடை எப்போதும் ஈரமாக இருப்பது, இதில் எதைப் பார்த்தாலும் கட்டை வாங்கப் போகாமல் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: எந்த மரத்துக் குச்சியைக் கொடுக்கலாம்?

பதில்: ஆப்பிள், பேரி, வில்லோ, ஹேசல். பூச்சிமருந்து அடிக்காத மரமாக, சாலைப் புகை படியாததாகப் பார்த்து ஒடித்து, கழுவிக் காயவைத்துக் கொடுக்கலாம். செர்ரி, பிளம், பீச், ஆப்ரிகாட் வேண்டாம், இந்தக் குடும்பத்து மரங்களில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. அரளி, யூ, ரோடோடென்ட்ரான் பக்கமே போகாதீர்கள். பிளைவுட், பெயின்ட் அடித்த பழைய பலகை, கரையான் மருந்து ஏற்றிய மரம் எதுவும் ஆகாது. என்ன மரம் என்றே தெரியாவிட்டால் கொடுக்காதீர்கள், அட்டை இருக்கவே இருக்கிறது.

கேள்வி: அக்கா, நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். என் ஹாம்ஸ்டர் பெயர் பட்டாணி. பிறந்தநாளுக்கு மாமா ஒரு பிளாஸ்டிக் உருண்டை வாங்கிக் கொடுத்தார். பட்டாணியை அதற்குள் விட்டு மூடினால் வீடு முழுக்க உருட்டிக்கொண்டு ஓடுகிறது. அது சந்தோஷமாக ஓடுகிறதா, பயந்து ஓடுகிறதா?

பதில்: தம்பி, பெரியவர்கள் பலர் கேட்காத கேள்வியைக் கேட்டிருக்கிறாய். பட்டாணிக்குக் கண் பார்வை கொஞ்சம் மட்டம்தான். மீசையால் சுவரைத் தொட்டுக்கொண்டும், மோப்பம் பிடித்துக்கொண்டும்தான் அது வழி கண்டுபிடிக்கும். உருண்டைக்குள் விட்டால் மீசைக்கு எட்டுவது பிளாஸ்டிக் மட்டும், வாசனையும் சரியாக வராது. எதிலாவது முட்டிக்கொண்டால்தான் அங்கே சுவர் இருப்பதே தெரியும். களைத்துப்போனாலும் வெளியே வர வழியில்லை, நீ திறந்துவிட்டால்தான் உண்டு. காற்றுக்காக விட்டிருக்கும் பிளவுகளில் விரல் மாட்டி நகம் பிய்ந்துவிடவும் கூடும். அதனால் உருண்டையை எடுத்து வைத்துவிடு. மாமாவிடம் ஒன்றும் சொல்லாதே, பெட்டியில் சிரிக்கிற ஹாம்ஸ்டர் படம் போட்டு விற்றால் யார்தான் ஏமாறமாட்டார்கள்.

அதற்குப் பதிலாகச் சக்கரம் வை, அதில் ஏறுவதும் இறங்குவதும் பட்டாணியின் இஷ்டம். சக்கரம் பிடிக்குமா என்பதற்கு ஒரு நல்ல கதை இருக்கிறது, நிஜக் கதை. நெதர்லாந்தில் யோஹானா மையர் என்ற விஞ்ஞானி, கூண்டில் அடைபட்ட எலிதான் வேறு வழியில்லாமல் சக்கரம் சுற்றுகிறதா என்று பார்ப்பதற்காக, சக்கரத்தைக் கொண்டுபோய்த் திறந்த வெளியில் வைத்துக் கேமராவும் வைத்தார். காட்டு எலிகள் தாமாக வந்து ஏறி ஓடின. தவளையும் ஓடில்லாத நத்தையும்கூட ஏறியிருக்கின்றன! 2014-ல் வெளியான ஆய்வு அது.

சக்கரம் வாங்கும்போது இரண்டு விஷயம் பார். ஓடுகிற பரப்பு முழுசாக மூடியிருக்க வேண்டும், கம்பி கம்பியாக இருந்தால் கால் மாட்டிக்கொள்ளும். பெரிய சிரியன் வகை என்றால் 28 சென்டிமீட்டர் விட்டத்துக்குக் குறையக் கூடாது, குட்டை வகைக்கு 20 போதும். ஓடும்போது பக்கவாட்டில் நின்று பார், முதுகு நேராக இருந்தால் சரி, வில்லாக வளைந்து தலை மேலே போனால் சக்கரம் சின்னது.

அதைவிட முக்கியம், கூண்டின் தரையில் பஞ்சுபோல் நொறுங்கிய காகிதத்தை ஆழமாக நிரப்பு. ஹாம்ஸ்டர்களை 10, 40, 80 சென்டிமீட்டர் ஆழப் படுக்கைகளில் தனித்தனியே வளர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2006-ல் வந்தது. 10 சென்டிமீட்டரில் இருந்தவைதான் கூண்டுக் கம்பியை அதிகம் கடித்தன. ஆழமாகக் கிடைத்தவை வளை தோண்டிக்கொண்டன. உன் கூண்டில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு போடு. 'கூடு கட்ட' என்று விற்கும் நூல் நூலான பஞ்சை மட்டும் வாங்காதே, காலில் சுற்றிக்கொள்ளும், கன்னப்பையிலும் அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: கினிப்பன்றிக்கும் சக்கரம் போடலாமா? பெரிய சைஸிலேயே கிடைக்கிறது.

பதில்: கிடைக்கும், போடக் கூடாது. குட்டைக் கால்களில் கனத்த உடம்பைச் சுமக்கும் பிராணி அது, முதுகை வளைத்து ஓட அதனால் ஆகாது, முதுகெலும்பும் காலும்தான் கெடும். அதற்கு வேண்டியது தரையில் நீளமாக ஓட இடம், ஓடிப்போய் நுழைய மறைவிடங்கள். ஒவ்வொரு மறைவிடத்துக்கும் இரண்டு வாசல் வையுங்கள். ஒரே வாசல் என்றால் ஒன்று மற்றதை உள்ளே மடக்கிவிடும், அப்புறம் சண்டைதான். காய்ந்த புல்லைக் குவியலாகக் கொட்டினால் அதற்குள்ளேயே சுரங்கம் போட்டுக்கொண்டு தின்னும். கீரையைக் கொத்தாகக் கட்டி வாய் உயரத்தில் தொங்கவிட்டால் எட்டி இழுக்கும். இருந்த இடத்திலிருந்தே பொரி பொரிவது மாதிரி எகிறிக் குதித்தால் குஷியாக இருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: நானும் என் கணவரும் வேலைக்குப் போகிறோம். ஒரே ஒரு முயல்தான், பகலெல்லாம் தனியாக இருக்கிறது. துணைக்குக் கண்ணாடியோ பஞ்சு பொம்மையோ வைத்தால் ஏமாந்து சந்தோஷமாக இருக்குமா?

பதில்: எனக்கென்னவோ கண்ணாடி வைப்பதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. சில முயல்கள் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும், சில அதைப் பகையாளி என்று நினைத்துக் காலைத் தட்டும். எப்படியானாலும் அது நக்கிக் கொடுக்காது, ஒட்டிப் படுக்காது, அபாயம் வந்தால் எச்சரிக்காது. பஞ்சு பொம்மையின் காது நக்கி நனைந்துபோய், கடைசியில் கண் பட்டனும் உள்ளே இருக்கும் பஞ்சும் முயலின் வயிற்றில் போய்ச் சேரும், அதுதான் நடக்கும்.

முயல் கூட்டமாக வாழ்கிற பிராணி. கினிப்பன்றியும் அப்படித்தான், அதைத் தனியாக வைக்கக் கூடாது என்று சுவிட்சர்லாந்தில் 2008 முதல் சட்டமே இருக்கிறது. உங்களால் முடியுமானால் இன்னொரு முயலைக் கொண்டுவருவதுதான் சரியான வழி. இரண்டுக்கும் கருத்தடை செய்து, நடுவில் வலைத்தடுப்பு வைத்து, வாசனை பழகவிட்டு, யாருக்கும் சொந்தமில்லாத ஓரிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். ஒரே நாளில் ஒரே கூண்டில் போட்டால் ரத்தம் வரும்வரை கடித்துக்கொள்ளும். கினிப்பன்றியைக் கொண்டுவந்து முயலுக்குத் துணையாக விடலாமா என்று கேட்டு நாலு கடிதம் வந்திருக்கிறது, வேண்டாம். முயலின் பின்னங்கால் உதை ஒன்று போதும் அதன் எலும்பை முறிக்க, உணவும் இரண்டுக்கும் வேறு வேறு. ஹாம்ஸ்டர் விஷயம் நேர் எதிர், சிரியன் ஹாம்ஸ்டர் தனியாகத்தான் இருக்க வேண்டும், இரண்டாவதைத் துணை என்று பார்க்காது, எல்லைக்குள் வந்த எதிரி என்று பார்க்கும்.

இன்னொரு முயலுக்கு இப்போது வழியில்லை என்றால், வந்ததும் தரையில் அதன் உயரத்துக்கு உட்கார்ந்துகொள்ளுங்கள், தூக்க வேண்டாம். கையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாலும் பரவாயில்லை, அதுவாக வந்து உங்களை மோந்து பார்த்து, ஏறி, இழுத்துப் பார்க்கும். பகலில் அது பெரும்பாலும் ஓய்வாகத்தான் கிடக்கும், அதை நினைத்து நீங்கள் அதிகம் உருக வேண்டியதில்லை.

கேள்வி: முயல் அட்டையைத் தின்றுவிட்டது. நேற்று பிளாஸ்டிக் வளையத்திலும் ஒரு துண்டைக் காணோம். பயமாக இருக்கிறது.

பதில்: அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு எப்போதாவது ஓர் இணுக்கை விழுங்கினால் கவலை இல்லை, போய்விடும். கிழிக்காமல் உட்கார்ந்து சாப்பாடாகவே சாப்பிடுகிறது என்றால் அட்டையை எடுத்துவிட்டு, காய்ந்த புல் போதுமான அளவு கிடைக்கிறதா, பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக், ரப்பர், கம்பள நூல், துணி இவையெல்லாம் வேறு கதை. முயலால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது மறுபக்கமாகத்தான் வந்தாக வேண்டும், வழியில் சிக்கினால் குடல் நின்றுவிடும்.

இன்று முழுக்க மூன்று விஷயம் கவனியுங்கள். சாப்பிடுகிறதா, புழுக்கை வழக்கமான அளவில் வருகிறதா, உடம்பைக் குறுக்கிக்கொண்டு பல்லை நறநறவென்று கடிக்கிறதா. சாப்பிடாமல் இருந்தாலோ, வயிறு உப்பிக் கெட்டியாக இருந்தாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள், உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். முயல் 12 மணி நேரம் சாப்பிடாமல் இருப்பது அவசரச் சிகிச்சைக்குரிய நிலை. வயிறு உப்பியிருக்கும்போது வாயில் எதையும் ஊட்டவும் கூடாது. கெட்டிப் பிளாஸ்டிக் வளையங்கள் தூக்கி வீசத்தான், கொறிக்க அல்ல. பல் பதிந்த சுவடு தெரிந்தாலே அதைக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

கேள்வி: எலிக்கெல்லாம் பொம்மையா? என் மகள் இரண்டு வெள்ளெலி வளர்க்கிறாள், அதற்கு ஏணி, ஊஞ்சல், பெட்டி என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கூண்டுக்குள் கிடக்கும் ஜந்துவுக்கு இது தேவையா?

பதில்: உங்கள் மகள் பக்கம்தான் நான். கூண்டுக்குள் கிடப்பதால்தான் தேவை.

இந்த விஷயத்தில் விஞ்ஞானம் தொடங்கியதே எலியிடமிருந்துதான். டொனால்ட் ஹெப் என்ற உளவியலாளர் ஆய்வுக்கூட எலிகளில் சிலவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செல்லமாக வளர்த்தார். வீட்டில் வளர்ந்தவை, கூண்டிலேயே வளர்ந்தவற்றைவிடப் புதிர்ப்பாதைகளை நன்றாகத் தீர்த்தன என்று 1947-ல் எழுதினார். 1960-களில் அமெரிக்காவின் பெர்க்லியில் மேரியன் டைமண்ட் என்ற ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் ஏணி, சக்கரம், துணைக்குப் பிற எலிகள் என்று வசதி செய்து வளர்த்த எலிகளின் மூளைப் புறணி, அதாவது மூளையின் மேலடுக்கு, தடித்திருப்பதையே அளந்து காட்டினார்கள். இதெல்லாம் பழைய செய்தி. 2019-ல் பெர்லினில் எலிகளுக்குக் கண்ணாமூச்சி சொல்லிக் கொடுத்தார்கள். பரிசாக உணவு கிடையாது, கண்டுபிடித்தால் கிச்சுகிச்சு மூட்டுவார்கள், அவ்வளவுதான். எலிகள் தேடவும் கற்றுக்கொண்டன, ஒளியவும் கற்றுக்கொண்டன. ஒளியும்போது சத்தம் போடாமல் இருந்தன, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பெட்டியைவிட மூடிய பெட்டியைத் தேர்ந்தெடுத்தன!

கடையில் தெளிவான பிளாஸ்டிக்கில் வரும் அழகான 'வீடு' இருக்கிறதே, அதை வாங்காமல் இருக்க இந்த ஒரு தகவலே போதும். எலிக்கு வேண்டியது தான் இருப்பது தெரியாத இடம். மகளுக்குச் செலவு வைக்காத யோசனை சொல்லுங்கள்: பழைய டீ-சர்ட்டின் கையை வெட்டி இரண்டு மூலையில் கட்டினால் தொட்டில், முட்டை அட்டைக்குள் உணவை வைத்து மூடினால் புதிர். நூல் பிரிகிற துணியை மட்டும் அப்போதைக்கப்போது மாற்ற வேண்டும். உணவை மொத்தமாக ஒரு கிண்ணத்தில் கொட்டாமல் கூண்டு முழுக்கச் சிதறிவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: எது வாங்கினாலும் எங்கள் வீட்டில் இரண்டு நாள்தான், அப்புறம் சீந்துவதில்லை. இதற்கு நேர்மாறாக என் தம்பி வீட்டு முயல் புதிதாக எதை வைத்தாலும் காலைத் தட்டிவிட்டு ஓடி ஒளிகிறது. என்ன செய்வது?

பதில்: உங்கள் வீட்டு முயலுக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் போடாதீர்கள். இருப்பதில் பாதியை எடுத்து வைத்துவிட்டு, சில நாள் கழித்து மாற்றிப் போடுங்கள், மறந்துபோனது புதுசு மாதிரி ஆகிவிடும். பொருளை மாற்ற வேண்டும் என்றுகூட இல்லை, இடத்தை மாற்றினாலே போதும், நேற்று மூலையில் இருந்த பெட்டி இன்று நடுவில் கவிழ்ந்து கிடந்தால் போய்ப் பார்த்தே ஆக வேண்டும் அதற்கு. ஆனால் மறைவிடத்தை மட்டும் மாற்றாதீர்கள். அது பொம்மைக் கணக்கில் வராது, பயந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஓடிப்போய் நுழையும் இடம், ஓடிப்போய்ப் பார்த்தால் அங்கே இல்லை என்றால் என்ன ஆகும்?

தம்பி வீட்டு முயலுக்குப் புதுப் பொருளைக் கூண்டுக்குள் திணிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அது பயன்படுத்திய புல்லைப் பொருளின்மேல் தேய்த்து, தூரத்தில் ஒரு மூலையில் வைத்துவிட்டு மறந்துவிடட்டும். இராத்திரியில் அதுவே போய்ப் பார்த்துக்கொள்ளும். நாயோ பூனையோ விளையாடிய பழைய பொருளாக இருந்தால் பயப்படத்தான் செய்யும், வாசனை அப்படி. உணவு ஒளித்து வைக்கிற புதிர்ப்பந்தும் இதேபோலத்தான், முதல் நாளே சின்ன ஓட்டையோடு கொடுத்தால் இரண்டு தரம் உருட்டிவிட்டு விட்டுவிடும். முதலில் ஓட்டையைப் பெரிதாக வைத்துத் தானாகக் கொட்டட்டும். போடுகிற பெல்லட்டை அன்றைய அளவிலிருந்தே எடுங்கள், தேன் ஒட்டிய விதைக் குச்சி, தயிர் மிட்டாய் இதெல்லாம் முயலின் குடலுக்கு ஆகாது, பாக்கெட்டில் முயல் படமே போட்டிருந்தாலும் சரி.

கேள்வி: சின்சில்லா என்ற, அடர்ந்த மென்மயிர் உள்ள சின்னப் பிராணி தூசியில் புரண்டு குளிக்கிறது. அதே தூசியை என் கினிப்பன்றிக்கும் முயலுக்கும் வைக்கலாமா?

பதில்: சின்சில்லாவுக்கு அது அவசியம், மற்ற இரண்டுக்கும் தேவையில்லை. கண்ணிலும் மூச்சிலும் போய்த் தொல்லைதான்.

கேள்வி: விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் முயல் தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு, கூண்டுக் கம்பியைப் பல்லால் பிடித்துக் கடகடவென்று ஆட்டுகிறது. எழுந்து போய் ஏதாவது தின்னக் கொடுத்தால் நிறுத்துகிறது. எந்தப் பொம்மை வாங்கினால் நான் நிம்மதியாகத் தூங்கலாம்?

பதில்: அதற்கு ஏற்கனவே ஒரு நல்ல பொம்மை கிடைத்திருக்கிறது, நீங்கள்தான் அது. கம்பியை ஆட்டினால் ஆள் வருகிறது, ஆள் வந்தால் தீனி வருகிறது, எந்தப் புதிர்ப்பந்தும் இவ்வளவு நம்பகமாக வேலை செய்யாது.

முயலுக்கு விடியலும் அந்தியும்தான் சுறுசுறுப்பான நேரம், அந்த நேரத்தில் தூங்கு என்று அதனிடம் சொல்ல முடியாது. கம்பியைக் கடிக்கிறது என்பதால் முதலில் இடத்தைப் பாருங்கள். ஒரு ஜோடிக்கு 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும், நிமிர்ந்து நிற்க 1 மீட்டர் உயரமும் எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று முயல் நல அமைப்புகள் சொல்கின்றன. கூண்டு என்று விற்பது பெரும்பாலும் இதில் ஒரு மூலைக்குக்கூட வராது. கதவைக் கழற்றிவிட்டுச் சுற்றி வேலித்தடுப்பு போட்டால் ஆட்டுவதற்குக் கதவே இருக்காது. மாலையில் சில மணி நேரம் ஓடவிடுங்கள். படுக்கப் போகுமுன் புல் திணித்த குழாய் நாலைந்து, தோண்டும் பெட்டியில் ஒளித்த பெல்லட், புதிதாக ஒரு கைப்பிடி புல் எல்லாம் வைத்துவிடுங்கள், ஐந்து மணிக்கு அதற்கு வேலை இருக்கும். கிண்ணம் கவிழ்க்க முடியாத கனமான பீங்கானாக இருக்கட்டும். இராத்திரியில் வீசி விளையாட பிளாஸ்டிக் வேண்டாம், புல்லில் பின்னிய பந்து போடுங்கள், சத்தம் வராது.

கம்பிச் சத்தத்துக்கு எழுந்து போவதையும் இன்றோடு நிறுத்துங்கள். இத்தனை நாள் பலித்தது ஏன் பலிக்கவில்லை என்று முதல் சில நாட்கள் இன்னும் பலமாக ஆட்டும், நாலாம் நாள் பொறுக்காமல் எழுந்து போய்க் கொடுத்துவிட்டால் அவ்வளவு பலமாக ஆட்ட வேண்டும் என்று கற்றுக்கொண்டுவிடும். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுங்கள்.